இதயம் முந்தும், கால் பிந்தும்

முந்தி வந்து சேர்ந்தவருக்கும் மதிப்பெண் குறைப்பதை விதியாகக் கொண்ட போட்டிகள் உலகில் அபூர்வம். அந்த அபூர்வங்களுள் ஒன்று, அமெரிக்காவின் வடகிழக்கே, வெர்மான்ட் முதலிய மலைப்பாங்கான மாநிலங்களில், காட்டுப்பாதையிலும் மண்சாலையிலும் குதிரை பூட்டிய வண்டியைப் பல மைல் தூரம் ஓட்டிச் சென்று, குறித்த கால வரம்புக்கு முன்னும் இன்றிப் பின்னும் இன்றித் திரும்பிவரும் நெடுந்தூர வண்டியோட்டப் போட்டி. முதன்முறையாக வரும் குதிரைக்கு ஏற்ற தூரம் பொதுவாக 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர். மணிக்கு ஏறக்குறைய ஆறு மைல் வீதம் போனால் நான்கு மணி நேரத்திற்குச் சற்று மேலே பிடிக்கும். 100 மதிப்பெண்ணோடு புறப்படும் குதிரை, திரும்பி வரும்போது தன் உடலில் தெரியும் ஒவ்வொரு குறைக்கும் சில மதிப்பெண்களை இழக்கிறது. எஞ்சியதே அதன் தரம். வேகத்தை அளக்கும் பரீட்சை அன்று இது. பிரயாணத்திற்குப் பின் குதிரை எப்படி இருக்கிறது என்று பார்க்கும் பரீட்சை.

வேகத்திற்குப் பரிசு தரும் போட்டிகளும் உண்டு. 1955ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஆபர்ன் நகரை எல்லையாக வைத்துத் தொடங்கிய புகழ்பெற்ற நூறு மைல் சவாரி ஒரே நாளில் முடிவது. குதிரை நலமாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு அங்கே முதலில் வருபவரே வெல்கிறார். வெர்மான்டின் சம்பிரதாயம் அதற்கும் மூத்தது, சுபாவத்தில் நிதானமானது. 1926இல் ஏற்பட்டு இன்று தெற்கு உட்ஸ்டாக் என்னும் சிற்றூரில் இயங்கும் கிரீன் மவுன்டன் குதிரைச் சங்கம், 1936இல் ஆரம்பித்த நூறு மைல் சவாரியை மூன்று நாட்களுக்குப் பங்கிட்டு வைத்தது. வண்டிக் குதிரைக்கும் அந்நாட்டில் பழம்பெருமை உண்டு. 1789இல் பிறந்த ஃபிகர் என்ற சிறு குதிரை, ஜஸ்டின் மார்கன் என்ற பாட்டு வாத்தியாரின் கைக்கு வந்து, காட்டில் மரம் இழுத்தும், பந்தயத்தில் ஓடியும், வண்டியில் பூட்டப்பட்டும் உழைத்தது. அதன் வழிவந்த மார்கன் இனத்தையே 1961இல் வெர்மான்ட் தன் மாநில விலங்காக ஏற்றது. இப்போட்டிகளில் இன்றும் மார்கன்களைக் காணலாம்.

இவ்வளவு நிதானமான போட்டிக்கு ஏன் மாதக்கணக்கில் ஆயத்தம் வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். விடை குதிரையின் சரீர அமைப்பில் இருக்கிறது. குதிரையின் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே அப்பியாசத்திற்கு இணங்கிவிடுகின்றன. தசைகள் மூன்று நான்கு மாதங்களில் தேறுகின்றன. ஆனால் தசைநாண்களும் மூட்டுக்களைப் பிணைக்கும் நார்களும் எலும்புகளும் உறுதிப்பட ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். முன்னங்கால் மூட்டுக்குக் கீழே குதிரைக்குத் தசை என்பதே ஏறக்குறைய இல்லை. எலும்பும் நாணும் தோலுமாகவே அப்பகுதி அமைந்திருக்கிறது. நாண்களுக்கு இரத்த ஓட்டமும் குறைவாதலால் அவை மெதுவாகவே வலுப்பெறுகின்றன, காயப்பட்டால் மெதுவாகவே ஆறுகின்றன. இது போதாதென்று, இளங்குதிரைகளில் பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் பொருட்டுப் பழைய பாகத்தைக் கரைப்பதால், வலுப்பெறுவதற்கு முன்னால் சிறிது காலம் நலிந்தும் போகிறது. ஆகவே, மூச்சு வாங்காமல், காதை நிமிர்த்தி, இன்னும் போகலாம் என்று லகானை இழுக்கும் குதிரை உள்ளபடியே தயாராகிவிட்டது என்று நம்புவதுதான் புதியவர்கள் செய்யும் பெரும்பிழை. இதயம் சம்மதித்துவிட்டது; காலைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. நொண்டிப்போன குதிரைகளில் மிகப் பல சோம்பல் குதிரைகள் அல்ல, உற்சாகக் குதிரைகளே என்று எனக்குத் தோன்றுகிறது.

எனவே முதற்பாடம் நடை. ஐந்து வயதுக்குக் குறையாத, கால் பழுதற்ற குதிரையை மருத்துவரிடம் காட்டி, பல்லையும் குளம்பையும் சீர்செய்தபின், முதல் சில வாரங்கள் வண்டியில் பூட்டி நடக்கவே விடுகிறார்கள். பின்னர் நடைக்கு நடுவே சிறிது சிறிதாகத் துள்ளோட்டம் சேர்க்கிறார்கள். குறுக்காக எதிரெதிர்க் கால்கள் இரண்டிரண்டாகத் தரையைத் தொடும் இந்தத் துள்ளோட்டம்தான் வண்டிக் குதிரையின் உத்தியோக நடை. வாரத்திற்கு மூன்று நான்கு நாள் வேலையும், மற்ற நாள் மேய்ச்சலும் ஓய்வும் போதும். தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டலாகாது, வேகத்தைக் கூட்டும் வாரத்தில் தூரத்தைக் கூட்டலாகாது என்பது அனுபவஸ்தர்கள் தளர்த்தாத விதி. வாரத்தில் ஒரு நாள் நெடும்பயணம். அதுவும் போட்டித் தூரத்தில் முக்கால் பங்கை எட்டினால் அதற்கு மேல் தேவையில்லை. முழு 25 மைலையும் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை சாரதியின் மனச்சமாதானத்திற்கே அன்றிக் குதிரையின் நன்மைக்கு அன்று. கடைசி வாரத்தில் வேலையைக் குறைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு வாரத்தில் புதிதாக வலிமை சேரப்போவதில்லை, களைப்பு மட்டுமே சேரும்.

வெர்மான்டில் இந்தக் கிரமத்தைப் பருவகாலமும் நிர்ணயிக்கிறது. அம்மாநிலச் சாலைகளில் பாதிக்கு மேற்பட்டவை தார் காணாத மண்சாலைகள். மார்ச், ஏப்ரலில் பனி உருகும்போது அவை சக்கரம் புதையும் சேறாகிவிடுகின்றன. கெட்டியான சமதரையில் நல்ல சக்கரம் பூட்டிய வண்டியை இழுப்பது குதிரைக்கு அற்ப வேலை. சேற்றிலும் மணலிலும் மேட்டிலும் அதே வண்டியின் இழுபாரம் பன்மடங்காகிறது. ஆகையால் சாரதிகள் தூரத்தை மைலால் மட்டும் அளப்பதில்லை. எத்தனை மேடு, எத்தனை சேறு என்றும் கணக்கிடுகிறார்கள்.

சவாரி செய்பவனுக்கு இல்லாத சங்கடம் ஒன்று சாரதிக்கு உண்டு. குதிரைமேல் இருப்பவன் அதன் முதுகு விறைப்பதையும் மூச்சு மாறுவதையும் தன் தொடையாலேயே அறிகிறான். சாரதியோ பல அடி பின்னால், லகானின் இரு வார்களையும் தன் குரலையும் தவிர வேறு தொடர்பின்றி அமர்ந்திருக்கிறான். எனவே அவன் கண்ணாலும் காதாலும் படிக்கக் கற்கவேண்டும்: நான்கு குளம்புகளின் தாளம் சீராக இருக்கிறதா, ஒரு காது சோர்ந்து தொங்குகிறதா, விலா எவ்வளவு விரைவாக ஏறியிறங்குகிறது என்றெல்லாம். இவற்றிற்கும் மேலான சாட்சி நாடி. ஓய்விலிருக்கும் குதிரைக்கு நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை நாடி துடிக்கும். தாடையெலும்பின் அடியில் ஓடும் தமனியில் விரல் வைத்தோ, இடது முழங்கைக்குப் பின்னே ஸ்டெதஸ்கோப்பை வைத்தோ எண்ணலாம். துள்ளோட்டத்தில் நூற்றைத் தாண்டும் அந்தத் துடிப்பு, வண்டியை நிறுத்திய பத்து நிமிடத்திற்குள் 60 அளவுக்கு இறங்கினால் அன்றைய வேலை குதிரைக்குத் தகுந்தது. இறங்காமல் நின்றால் வேலை அதிகம், அல்லது எங்கோ வலி. இதை நாள்தோறும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருபவர், தம் கண்ணுக்குத் தெரியாத நொண்டலைக்கூட இரண்டொரு நாள் முன்னதாகவே ஊகித்துவிடுவது உண்டு.

இனி வியர்வை. மனிதனின் வியர்வை அவன் இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. ஆகையால் வியர்க்க வியர்க்க இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறி, மூளை அதை உணர்ந்து தாகத்தை எழுப்புகிறது. குதிரையின் வியர்வையோ இரத்தத்திற்கு ஒப்பாகவோ அதற்கு மேலாகவோ உப்பு நிறைந்தது. வெப்பநாளில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலும் வியர்த்து நீரையும் உப்பையும் சேர்ந்தாற்போல் இழக்கும் குதிரையின் இரத்தத்தில் செறிவு மாறுவதில்லை. செறிவு மாறாததால் தாகம் எழுவதில்லை. உடல் வற்றிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அது வாளித் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உயிர்க்கூறு சாஸ்திரத்தில் இதைவிட விபரீதமான ஏற்பாட்டை நான் படித்ததில்லை. ஆகவே, வழியில் தென்படும் ஓடை, குட்டை, பிறர் வாளி எதிலும் தயங்காமல் குடிக்கும் வழக்கத்தைப் பயிற்சிக் காலத்திலேயே உண்டாக்குகிறார்கள். உப்பையும் அளவாகக் கொடுக்கிறார்கள், ஆனால் தண்ணீர் குடியாத குதிரைக்கு உப்பை மட்டும் ஊட்டுவது தீமையை வளர்ப்பதாகும்.

சூடேறிய குதிரைக்குத் தண்ணீர் காட்டலாகாது, மேலே குளிர்நீர் ஊற்றலாகாது என்ற பழைய எச்சரிக்கை பல தேசத்துக் குதிரைக்காரர்களிடமும் இருந்ததுதான். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் பந்தயங்கள் கோடை வெப்பத்தில் நடக்கவிருந்தபோது விஞ்ஞானிகள் இதைச் சோதித்து, குளிர்நீரைத் தாராளமாக ஊற்றுவது தீங்கு செய்யாததோடு குதிரையைக் காப்பாற்றவும் செய்கிறது என்று கண்டார்கள்.

தீனியில் அடிப்படை உலர்புல்லே. குதிரையின் பெருங்குடலில் நார்ச்சத்து மெல்லப் புளித்து ஆற்றலாவதோடு, அப்புல் தேக்கிவைக்கும் நீரும் நெடுவழியில் ஒரு சேமிப்பாக உதவுகிறது. ஓட்ஸ் போன்ற தானியத்தை அள்ளிக் கொடுத்தால் பலம் வரும் என்பது பாதி உண்மை. ஞாயிறன்று வேலையின்றி முழுத் தானியமும் தின்ற பாரக்குதிரைகள் மறுநாள் வண்டியில் பூட்டியதும் பின்தசைகள் கட்டையாக இறுகி நகர முடியாமல் நின்றதால், அந்நோய்க்குத் திங்கட்கிழமைக் காலை நோய் என்றே பெயர் வந்தது. ஓய்வு நாளில் தானியத்தைக் குறைப்பது இதனால்தான். குதிரைக்கு என்ன கொடுப்பது என்று அறியாமையால் நேரும் நஷ்டத்திற்கு நம் நாட்டிலும் ஒரு பழைய சாட்சி உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்ததையும், பேணத் தெரிந்தவர் இல்லாமல் அவற்றுள் பெரும்பாலானவை மாண்டதையும் எழுதியிருக்கிறார். அயல்நாட்டான் வாக்கில் சிறிது மிகை இருக்கலாம். அடியோடு கற்பனை என்று தள்ளவும் மனம் வரவில்லை.

சேணமும் வண்டியும் அடுத்தவை. ஜட்கா வண்டியைக் கண்டவர்களுக்கு இதன் அங்கங்கள் புதியவை அல்ல: மார்பில் அழுந்தும் பட்டை, அதிலிருந்து வண்டிக்குப் போகும் இழுவார், இறக்கத்தில் வண்டி குதிரையின்மேல் மோதாதபடி பின்தொடையைச் சுற்றித் தாங்கும் வார், கண்மறைப்போடு கூடிய கடிவாளம். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் செய்யாத சிறு உராய்வு நான்கு மணி நேரத்தில் தோலை உரித்துவிடும். மார்ப்பட்டை மூச்சுக்குழாயை அழுத்தாமலும் தோள்மூட்டின் அசைவைத் தடுக்காமலும் இருக்கவேண்டும். தோள்கள் மாறிமாறி முன்செல்வதால், இழுவார்கள் வந்து சேரும் குறுக்குக்கட்டையும் நடுவில் சுழல வேண்டும், நிலையாக இருந்தால் மார்பைத் தேய்க்கும். காய்ந்த வியர்வை உப்பு வாரின் உட்புறத்தில் மணலைப்போல் அறுக்குமாதலால் ஒவ்வொரு முறையும் கழுவித் துடைப்பது அவசியம். புதுச் சேணத்தைப் போட்டியன்று முதலில் பூட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது. இரண்டு சக்கர வண்டியானால், ஆள் ஏறியபின் ஏர்க்கால்கள் குதிரையின் முதுகில் ஏறக்குறையப் பாரமின்றி மிதக்கும்படி சமன்செய்யவேண்டும். செங்குத்தான பாதைக்குப் பிரேக் உள்ள நாற்சக்கர வண்டி மேல். வண்டியில் பூட்டியிருக்கும் வரையில் கடிவாளத்தை எக்காரணத்தாலும் கழற்றக் கூடாது; கண்மறைப்பு நீங்கியதும் பின்னால் துரத்திவரும் சக்கரத்தைத் திடீரென்று கண்ட குதிரை மிரண்டோடினால் அதைப் பிடிப்பதற்குக் கையில் ஒன்றுமே இருக்காது. உடன்வரும் துணையாள் இறங்கிக் குதிரையின் தலைப்பக்கம் நிற்கவும், முடிச்சவிழ்க்கவும், வழிபார்க்கவும் தெரிந்தவராக இருக்கவேண்டும்.

போட்டிக்கு முன்பே மருத்துவ நடுவர் குதிரையைத் தடவிப் பார்த்துப் பழைய தழும்பு, வீக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார். பின்பு கயிற்றில் பிடித்து ஓடவைத்துக் காட்டச் சொல்கிறார். ஆளோடு தளர்ந்த கயிற்றில் நேராக ஓடவரும் சாமர்த்தியம் தானாக வராது, வீட்டில் பழக்கவேண்டும். தலையை இழுத்துப் பிடித்த குதிரை நலமாயிருந்தும் நொண்டுவதுபோல் தோன்றி வீணாக மதிப்பெண் இழக்கும். நடுவழியில் நிறுத்தி நாடியும் சுவாசமும் எண்ணுகிறார்கள். முடிவில் மறுபடி சோதனை: ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்கிறதா, கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிகிறதா, வயிற்றில் குடலின் ஓசை கேட்கிறதா, முதுகை அழுத்தினால் கூசுகிறதா, சேணம் பட்ட இடத்தில் மயிர் சிதைந்ததா, கால் சூடாயிருக்கிறதா. எல்லாம் எழுதிய அட்டையைச் சாரதியின் கையில் கொடுக்கிறார்கள்.

வெற்றி வரிசையைவிட அந்த அட்டையையே நான் விலையுயர்ந்ததாகக் கருதுவேன். நாடி இறங்கத் தாமதித்ததற்காக மதிப்பெண் போயிருந்தால் அடுத்த ஆண்டு மேடுகளில் அதிகம் நடத்தவேண்டும். தோல் உராய்ந்து போயிருந்தால் சேணத்தை மாற்றவேண்டும். குடல் ஓசை குறைந்து போயிருந்தால் வழியில் புல்லும் நீரும் போதவில்லை. மறுநாள் காலையில் நான்கு கால்களையும் தடவிப் பார்த்து, வீக்கமில்லை என்று கண்டபின், ஓரிரு வாரம் வண்டியை மறந்து குதிரையை மேய்ச்சலில் விட்டுவிடுகிறார்கள். அடுத்த பருவத்தில் 25 மைலையே இன்னும் இருமுறை நலமாக முடித்த பிறகுதான் 50 மைலைப் பற்றிய யோசனை.