அரசு தரும் ஊர்வேலை: சேருமுன் கேட்க வேண்டியவை

“ஆள் எடுக்கினமாம்” என்று ஒரு கதை எழும்பினால் போதும். வல்வெட்டித்துறையிலும் பருத்தித்துறையிலும் சான்றிதழ்களைப் போட்டோ பிரதி எடுக்க இளைஞர்கள் ஓடுவார்கள். என்ன வேலை, எத்தனை மாதம், முடிந்தபின் என்ன என்ற கேள்விகள் பிறகுதான் வரும். அரச நிதியில் வேலையற்றோரை ஊர்ப்பணிகளில் சேர்க்கும் திட்டங்கள் ஒரே மாதிரியானவை அல்ல. இலங்கையில் அவை மூன்று வடிவங்களில் வந்திருக்கின்றன.

நிவாரணத்தோடு உழைப்பு

1989இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கிய ஜனசவிய, வறிய குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா வீதம் 24 மாதங்களுக்கு உதவி வழங்க வகுக்கப்பட்டது. பயனாளிகள் ஊர்ப்பணிகளில் உழைப்புத் தரவேண்டும் என்பதும் ஏற்பாடு. 1995இல் வந்த சமுர்த்தியிலும் வீதி துப்புரவு, வாய்க்கால் வெட்டு என்று சிரமதானம் தொடர்ந்தது. இங்கே கிடைக்கும் காசு உதவித்தொகை. அதைக் கூலியாகக் கணக்கிட முடியாது.

காசுக்கான வேலை

2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரங்களில் இடிபாடு அகற்றவும் கிணறு இறைக்கவும் நாட்கூலி கொடுக்கப்பட்டது. போர் முடிந்தபின் உலக வங்கி 2009 டிசெம்பரில் அங்கீகரித்த 6.5 கோடி டொலர் வடக்கு அவசர மீட்புத் திட்டத்திலும், மீளக்குடியமர்ந்தோருக்கு இதே முறை இருந்தது.

இத்தகைய திட்டங்களில் கூலியை ஊர்க்கூலியைவிடச் சற்றுக் குறைவாகவே வைப்பது வழக்கம். வேறு வேலை உள்ளவர் வரமாட்டார், உண்மையில் தேவையுள்ளவரே வருவார் என்பது கணக்கு. கடற்றொழிலுக்கோ வெங்காயத் தோட்டத்துக்கோ ஆள் தட்டுப்பாடும் வராது. ஆனால் நிதி தீர்ந்த அன்றே வேலையும் தீரும்.

பயிலுனர் நியமனம்

2017இல் யாழ். மாவட்டச் செயலகத்தின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2020இல் நாடெங்கும் சுமார் 50,000 பட்டதாரிகள், மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் ஓராண்டுப் பயிலுனர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு, கல்வித் தகைமை குறைந்த, வறிய குடும்பத்தவர் ஒரு இலட்சம் பேருக்கு வேலை என்ற இலக்குடன் பல்நோக்கு அபிவிருத்திச் செயலணி உருவானது. ஆறு மாதப் பயிற்சிக் காலத்தில் 22,500 ரூபா, பின்னர் 35,000 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. சொந்த ஊருக்கு அண்மையிலேயே பணி என்பது இதன் பெரிய கவர்ச்சி.

இந்த வகை நிரந்தர நியமனத்தில் முடிவதால்தான் போட்டி அதிகம். சிக்கலும் அங்கேதான். அலுவலகத்தில் மேசை இருக்கிறதா, செய்ய வேலை இருக்கிறதா என்று பார்க்காமல் ஆளை அனுப்பினால், சம்பளம் வரும், தொழில் பழகாது. பாடசாலைகளில் இணைக்கப்பட்ட அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், வகுப்பில் படிப்பித்தும் ஆசிரியர் சேவை கிடைக்கவில்லை என்று போராடுவது அதன் விளைவு.

இந்தியாவில் உரிமை

இந்தியா 2005இல் இயற்றிய நூறுநாள் வேலைச் சட்டத்தின் வலு வேறு இடத்தில் இருந்தது. விண்ணப்பித்து 15 நாட்களுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தரவேண்டும் என்றது அது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்கள். 2025 டிசெம்பரில் அதற்குப் பதிலாக 125 நாள் கொண்ட புதிய சட்டம் நிறைவேறியது. ஆனால் இவை கிராமங்களுக்கே உரியவை. நகரசபைப் பிரதேசமான வல்வெட்டித்துறைக்கு, தமிழ்நாடு நகர்ப்புறங்களுக்கென முன்னோடியாகத் தொடங்கிய வேலைத்திட்டமே நெருங்கிய உதாரணம்.

இலங்கையில் அப்படியொரு வேலை உரிமை சட்டத்தில் இல்லை. வேலைத்திட்டம் எப்போது வரும் என்பதைச் சுற்றறிக்கையும் வரவுசெலவுத் திட்டமுமே தீர்மானிக்கின்றன. அதனால் ஊரின் தேவையும் வேலையின் காலமும் பொருந்துவதில்லை. வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தொழிலுக்குப் போகமுடியாத குடும்பங்களுக்குத்தான் கூலிவேலை தேவை. மாரிக்கு முன்பே வெள்ளவாய்க்கால் துப்புரவு செய்து, கடல் அடங்காத நாட்களில் சனசமூக நிலையம், பாடசாலை, மடம் போன்ற கட்டடங்களைத் திருத்தும் வேலைகளை ஒழுங்கு செய்தால் இரண்டு தேவையும் ஒன்றாகத் தீரும். நகரசபையும் பிரதேச செயலகமும் கடற்றொழிலாளர் சங்கங்களும் ஒரு மேசையில் இருந்து ஆண்டு நாட்காட்டி போட்டால் இது நடக்கும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

அடுத்த முறை விண்ணப்பம் கோரப்படும்போது ஐந்தைக் கேளுங்கள்: இது கூலியா, பயிற்சிக் கொடுப்பனவா? காலம் எவ்வளவு? ஊழியர் சேமலாப நிதி உண்டா? பயிற்சி முடிவில் என்.வி.கியூ. போன்ற தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா? நிரந்தர நியமனம் எழுத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சா?

தெரிவு எப்படி நடந்தது என்று சந்தேகம் வந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் புள்ளி வழங்கிய முறையைக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் முடிவை அறிவிக்க வேண்டும். பின்கதவால் போனவர் யார் என்று ஒழுங்கையில் நின்று பேசுவதைவிட, அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.