வளைந்த படி நிமிராதது ஏன்?

முல்லைத்தீவுக் காடுகளில் வளரும் முதிரை போன்ற வைர மரத்தின் தடித்த பலகையை அப்படியே வளைக்க முயன்றால் அது பிளந்துவிடும் எனில், மாடிப்படியின் வளைந்த முகப்பு எவ்வாறு உருவாகிறது?

மரத்தை மெல்லிய பட்டைகளாக அறுத்து, பசை பூசி, அச்சு எனப்படும் வளைவான தாங்கியின் மீது அடுக்கி, ஓரங்களில் பசை பிதுங்கி வழியுமளவுக்குக் கிளாம்புகளால் இறுக்கும் ஓடாவி, அது காயும்வரை தொடுவதில்லை. வளையும்போது ஒன்றன்மேல் ஒன்று சற்றே வழுக்கிய பட்டைகள், பசை இறுகியபின் மீண்டும் வழுக்க இயலாமையால், நிமிராமல் வளைவிலேயே நின்றுவிடுகின்றன. எனினும் கிளாம்பைக் கழற்றியதும் வளைவு சிறிது விரியும் என்பதால், தேர்ந்த ஓடாவி அச்சையே வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாக வளைத்துச் செய்வதுண்டு; அனுபவம் தெரிவது இங்கேதான். பட்டைகள் மெலிந்து, எண்ணிக்கை கூடக்கூட அந்த விரிவும் குறையும்.