ஆறிப்போனா வெறும் கல்லு, சார்!

ராத்திரி பதினொன்றே முக்கால். எங்கள் தெரு மொத்தமும் வாசலில் நிற்கிறது. நைட்டி மேல் துண்டு போட்ட அக்காக்கள், லுங்கியை மடித்துக் கட்டிய மாமாக்கள், தூங்க மாட்டோம் என்று அடம்பிடித்த நண்டு சிண்டுகள். தேர் வரும்போதுகூட இத்தனை கூட்டம் பார்த்ததில்லை. வரப்போவது தார் ரோடு!

முந்தாநாள் ராத்திரி மில்லிங் மெஷின் வந்து பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் போயிருந்தது. உருளை முழுக்க டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த பற்கள். அது போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டுத் தாத்தா காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஊமைப்படம் பார்ப்பதுபோல ரசித்தார். சென்னைத் தெருக்களில் பழைய வீடுகள் பள்ளத்துக்குள் இறங்கியதற்குக் காரணமே சுரண்டாமல் மேலே மேலே போட்டதுதான். சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு கண்டிப்பாகச் சொன்னார். அப்பா வீடு கட்டியபோது உள்ளே போக மூன்று படி ஏறணும். இப்போது ஒரு படி இறங்கணும்!

மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். முதலில் பீய்ச்சியது பால் அதிகம் விட்ட காபி நிறத்தில் ஏதோ ஒன்று. "இதுவாண்ணே தாரு?" என்றேன். "எமல்ஷன் சார். கறுக்கட்டும், பாருங்க." கண்ணெதிரே காபி கறுத்தது! தாரும் தண்ணீரும் பிரிந்து, தண்ணீர் ஆவியாகிப் போய், பசைபோலத் தார் மட்டும் தங்குகிறது. சதுர மீட்டருக்குக் கால் கிலோதான். பழைய ரோட்டையும் புது ரோட்டையும் ஒட்டவைப்பது அந்தக் கால் கிலோ. கறுப்பதற்குள் ஜல்லியைக் கொட்டினால் ஒட்டாது.

டிப்பர் வந்தது. தார்ப்பாயை விலக்கினதும் ஆவி குபுகுபுவென்று எழும்பியது. பொறியாளர் நீளக் கம்பி வைத்த தெர்மாமீட்டரைக் குத்தினார்: 152 டிகிரி. முகத்தில் சிரிப்பு. கொட்டும்போது 140-க்குக் கீழே போகக் கூடாது, உருட்டும்போது 90-க்குக் கீழே போகக் கூடாது. இடையில் இருக்கும் இந்த 50 டிகிரிக்குள்தான் மொத்த ஆட்டமும். "ஆறிப்போனா வெறும் கல்லு, சார்!" என்று கத்திக்கொண்டே மேஸ்திரி ஓடினார். அவர் சொன்னதில் பாதி கணக்காகவே உண்மை. கலவையில் தார் நூற்றுக்கு ஐந்து பங்குதான், மற்றதெல்லாம் ஜல்லியும் கல்தூளும். அந்த ஐந்துகூட அசல் தார் இல்லை. தார் நிலக்கரியிலிருந்து வருவது. இது மணலி மாதிரி சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் தங்கும் பிட்டுமென். ஆனால் 'பிட்டுமென் ரோடு' என்று எந்தத் தமிழன் சொல்வான்?

அடுத்துப் பார்த்ததைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். டிப்பர் தானாக நகரவில்லை! டிரைவர் நியூட்ரலில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க, பின்னால் நிற்கும் பேவர்தான் லாரியை முட்டித் தள்ளிக்கொண்டே போகிறது. வாயில் விழும் கலவையைப் பின்பக்கம் இழுத்து, சூடேற்றிய தகட்டால் இஸ்திரி போட்டுக்கொண்டே நகர்கிறது. பக்கத்தில் ஒருவர் கம்பியைக் குத்திக் குத்தி ஆழம் பார்க்கிறார். 50 மில்லிமீட்டர் விட்டால்தான் ரோலர் அதை 40-க்கு அமுக்கும்.

ரோலர் ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வருகிறது. சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், இல்லையென்றால் கலவை அப்பிக்கொள்ளும். டீசல் தடவினால் தாரையே கரைத்துவிடும். சூடான ரோட்டில் ரோலர் நிற்கவும் கூடாது. நின்ற இடம் பள்ளம். டிரைவர் டீயை ஓட்டிக்கொண்டேதான் குடித்தார்.

மணி இரண்டரை. மிச்சக் கலவை தள்ளுவண்டியில் வந்ததும் தெரு மொத்தமும் ஒரே குரலில், "அண்ணே, எங்க கேட்டுக்கு ரெண்டு பாண்டு!" நியாயமா என்று கேட்காதீர்கள். ஆறினால் அது யாருக்கும் ஆகாது.

எங்கள் கேட் முன்னால் இருந்த குழிக்கு இரண்டு வயது. நானே மூன்று முறை அடைத்து மூன்று மழையில் இழந்தது. "எப்படிப் போட்டீங்க?" என்று மேஸ்திரி கேட்டார். குழியில் கொட்டிக் காலால் மிதித்தேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்மேல்தான் பிரியம். விரிசலில் ஈரம் இறங்கினால் தாரை உதறிவிடும், மேலே வண்டி போகப் போகக் கல் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் சூடான ஜல்லிமேல் பிளாஸ்டிக் குப்பையை உருக்கிப் பூசியது ஈரம் இறங்காமல் தடுக்கவும்தான். 2018-இல் பத்மஸ்ரீ வாங்கிய யோசனை.

ஆள் ஒருவர் உளியால் குழியைச் சதுரமாகவும் சுவரை நேராகவும் வெட்டினார். தூசியைத் துடைப்பத்தால் மூன்று தடவை பெருக்கி, அடியிலும் நாலு பக்கச் சுவரிலும் எமல்ஷனைத் தடவினார். கறுக்கும்வரை காத்திருந்தோம். கலவையைத் தரைக்கு மேலே ஒரு விரற்கடை குவித்துவிட்டுத் திமிசுக்கட்டையை என் கையில் கொடுத்தார்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு, ரோலர் மாதிரியே! குத்தக் குத்தக் குவியல் இறங்கி, ரோட்டோடு ரோடாகப் படிந்தது. பெரிய மனுஷன் ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

மூன்றரைக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். விளக்கைப் போட்ட மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தரையைக் காட்டினாள். ஹால் டைல்ஸில் வாசலிலிருந்து சோபாவரை, புத்தம்புதுத் தார் ரோடு, செருப்பு அளவில்.