பறக்கும் பலகையும் எமது பிள்ளைகளும்

அவுஸ்திரேலியாவில் மார்கழி, தை விடுமுறை என்றால் கடற்கரைதான். அங்கு அலைச்சறுக்கும் எமது பிள்ளைகள் சிலர் இப்போது ‘ஹைட்ரோபொயில்’ பலகையிலும் ஏறுகிறார்கள். பலகையின் அடியில் நீண்ட தண்டும், அதன் நுனியில் விமானச் சிறகு போன்ற இறக்கையும் உண்டு. வேகம் கூடும்போது இறக்கை பலகையை நீருக்கு மேலே உயர்த்தும். உராய்வு குறைவதால் சிறிய அலையே போதும். மின்கலமும் மோட்டாரும் பூட்டிய ‘ஈபொயில்’ வகைக்கு அலையே தேவையில்லை. சில மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தையும் எட்டும்.

பிள்ளைக்கு நீந்தத் தெரியும் என்று பெற்றோர் இருந்துவிடக் கூடாது. விழும்போது தண்டோ இறக்கையோ உடலில் பட்டால் ஆழமான வெட்டு, எலும்பு முறிவு, மூளை அதிர்ச்சி ஏற்படலாம்.

தலைக்கவசமும் மிதவை அங்கியும் கட்டாயம் அணிய வேண்டும். பயிற்றுநரிடம், குளிப்பவர்கள் இல்லாத ஆழமான இடத்தில் பழக வேண்டும். சமநிலை தவறினால் மோட்டார் விசையை விட்டு, பலகையிலிருந்து விலகி விழ வேண்டும்.

வெட்டுக் காயத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையில் தூக்கிப் பார்க்காதீர்கள். தலையில் அடிபட்டவர் சுகமாக இருப்பதாகச் சொன்னாலும் அன்று மீண்டும் பலகையில் ஏறக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, குழப்பம், மயக்கம், கூடிவரும் தலையிடி இருந்தால் உடனே 000 இற்கு அழையுங்கள்.

ஏச்சுக்குப் பயந்து அடிபட்டதை மறைக்கும் பிள்ளைகள் எம்மிடையே உண்டு. முதலில் காயத்தைப் பாருங்கள். ஏசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.