மண்ணும் மடியும் – 6: வடிகாலில் ஓடும் சாம்பல் சத்து

செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்த சீயமங்கலத்தில், முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. சுமார் 1,400 ஆண்டுக்கு முன் தூணில் செதுக்கிய ஆடல்வல்லான் இன்றும் ஆடுகிறார். அந்தப் பக்கத்துச் செம்மண், இப்படிப்பட்ட கருங்கல் பாறை பொடிந்து உண்டானதுதான். பாறைக்குள் சாம்பல் சத்து நிறைய உண்டு. கல் அதை எவ்வளவு நிதானமாக விட்டுக்கொடுக்கும் என்பதற்கு அந்தத் தூணே சாட்சி.

நம் புல்லுக்கு அந்த நிதானம் கிடையாது. சென்ற வாரம் பார்த்த கோ-4 கம்பு நேப்பியர், 45 நாளுக்கு ஒருமுறை அறுப்புக்கு வந்துவிடும். பத்து லிட்டர் கறக்கும் பசு ஒரு நாளில் 30 கிலோ பசும்புல் தின்கிறது என்று வையுங்கள். அதில் உத்தேசமாக 100 கிராமுக்குக் குறையாத சாம்பல் சத்து வயலைவிட்டு வருகிறது. பாலில் போவது சுமார் 15 கிராம்தான். மீதியில் பெரும்பகுதி கோமியத்தில் இறங்குகிறது. சாணத்தைக் கூடையில் அள்ளி எருக்குழிக்குக் கொண்டுபோகிறோம். கோமியத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தெருவுக்கு அனுப்புகிறோம். காசு கொடுத்து வாங்கும் பொட்டாஷ் அப்படித்தான் தினமும் நம் வாசலைக் கடந்து ஓடுகிறது.

இதைத் தடுக்கப் பெரிய செலவில்லை. கட்டுத்தறியின் தரையைக் கொஞ்சம் சரிவாக்கி, கடைசியில் ஒரு தொட்டி கட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் மாட்டுக்கு அடியில் கழித்த வைக்கோல், மல்லாட்டைத் தோல் பரப்புங்கள். ஊறியதை மறுநாள் எருக்குழியில் சேருங்கள். தொட்டிக் கோமியத்தைத் தேங்கவிடாமல் பாசன நீரோடு புல்லுக்கு விடுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி, தழைச்சத்து காற்றில் போகிறது என்பதன் அடையாளம். எருக்குழியில் சூப்பர் பாஸ்பேட் தூவினால் அந்த இழப்பு குறையும், மணிச்சத்தும் சேரும்.

ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் எக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. பத்து சென்ட் புல்லுக்கு அது ஆறரைக் கிலோ யூரியா. இட்டதும் புல் கருகருவென்று எழும். அந்தப் பச்சையை நம்பி யூரியாவை மட்டுமே கூட்டாதீர்கள். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1856 முதல் நடந்துவரும் புல்வெளிப் பரிசோதனையில், தழைச்சத்து மட்டும் இட்ட துண்டுகள், மூன்று சத்தும் இட்டவற்றுக்கு விளைச்சலில் ஈடு கொடுக்கவில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. யூரியா மிஞ்சிய புல் வெயிலில் வாடினால் தண்டில் நைட்ரேட் சேரும். அதைத் தின்ற மாட்டின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பேறும். மாடு மூச்சு வாங்கிச் சாய்ந்துவிடும். வாடிய புல்லுக்கு உரம் வேண்டாம். முதலில் தண்ணீர் காட்டுங்கள்.

கல் கரைந்து சாம்பல் சத்து தர நமக்கு ஆயுள் போதாது. கொட்டகைக் கோமியம் நாளைக் காலையே தரும். இந்த வாரம் அந்த ஒரு வடிகாலைத் தெருவிலிருந்து வயல் பக்கம் திருப்பிவிடுங்கள்.

(அடுத்த வாரம்: பரிசோதனைக்கு மண் எடுப்பது எப்படி?)