பிடியரிசியும் மாதர் சங்கப் பெட்டியும்

இடம்பெயர்ந்த குடும்பங்களில் பெண்களின் தோடும் சங்கிலியும் அடைவுக்குப் போய்த் திரும்பாமல் விடுவது எமக்குப் புதிய கதையன்று. நகை முடிந்த பின்னர் வீடு தேடி வருவது வாரக்கடன். சில பெண்களை ஒரு குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவரைப் பிணை நிறுத்தியே இது பெரும்பாலும் வழங்கப்படுகின்றது. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். உப்பும் புளியும் மாறிக்கொண்ட அயலவர் முகம் பாராதவர் ஆவது இதனாலேயே. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வந்ததிலிருந்து இந்நோயின் பரப்பை உணரலாம்.

பங்கின் மாதர் சங்கமும் பெண்களின் குழுதான். ஆனால் இங்கே முதல் உறுப்பினரின் கையிலிருந்தே வரவேண்டும். அதற்கு எமது தாய்மார் அறிந்த வழி பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடியை வேறு சட்டியில் போட்டுவைப்பது. பிடி 50 கிராம் என்று கொண்டாலும், நாளுக்கொரு பிடியாக மாதத்தில் ஒன்றரைக் கிலோ. இருபது வீடுகளில் 30 கிலோ. ஒரு பகுதி நோயாளி வீட்டுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் போகட்டும். மிகுதியை உறுப்பினருக்கே விற்றுப் பணத்தைப் பெட்டியில் போடலாம். பிடியெடுக்க அரிசியில்லாத வீடும் உண்டு. அந்தப் பெண் கிடுகு பின்னிக் கொடுத்தாலும் அதுவும் பங்குதான்.

இனி வட்டி. 10,000 ரூபாவைப் பத்து மாதத்தில் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். மாதம் நூற்றுக்கு இரண்டு என்று முழுத்தொகைக்கும் கடைசிவரை கணக்கிட்டால் வட்டி 2,000 ரூபா. மாதந்தோறும் 1,000 ரூபா முதலில் கழிய, மீதிக்கு மட்டும் கணக்கிட்டால் 1,100 ரூபா. வீதம் ஒன்றே, கணக்கு வேறு. கடன் எடுக்குமுன் இதனைக் கேளுங்கள். சங்கத்தில் இரண்டாவது முறையே நியாயம். அந்த வட்டியும் உறுப்பினரின் பெட்டிக்கே திரும்புகின்றது.

பெட்டி ஒருவர் வீட்டில், திறப்பு வேறொருவரிடம், கொப்பி மூன்றாமவரிடம் இருக்கட்டும். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் எண்ணுங்கள். திறப்பைப் பங்குத்தந்தையிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். சுவாமி பார்த்துக்கொள்வார் என்று விட்டால், சுவாமி மாற்றலாகிப் போகும்போது சங்கமும் போய்விடும்.

முதற்கடன் யாருக்கு என்பதிலேயே சங்கங்கள் உடைகின்றன. கணவர் காணாமற்போன பெண், தன்னை விதவையென்று சொல்லவும் மாட்டாமல், கேட்கவும் கூசிப் பின்வரிசையில் இருந்துவிடுகிறாள். திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லையெனக் கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டனர். பங்கீட்டுக்கென்று தெரிவான எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. முறையிட்ட பக்கத்தாரிடமே பொறுப்புப் போயிற்று என்றே நாம் வாசிக்கிறோம்.

ஆகவே அடுத்த கூட்டத்தில், இறுதியாக வந்து கொட்டில் போட்டிருக்கும் குடும்பத்துப் பெண்ணிடம் கொப்பியைக் கொடுத்துப் பாருங்கள். எழுதத் தெரியாதென்றால் திறப்பைக் கொடுக்கலாம்.