கண்ணில் வளரும் கரும்புள்ளி

கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரிவது கண்மணி. அதைச் சுற்றியுள்ள நிறமான வளையம் கதிராளி. சிலரது கதிராளியில் மச்சம் போன்ற புள்ளி இருப்பதுண்டு. பெரும்பாலானவை தீங்கற்றவை. மிக அரிதாக, அது மெலனோமா எனும் புற்றுநோயாக இருக்கலாம். நீலம் போன்ற வெளிர்நிறக் கண்ணுடையோரிடமே இது கூடுதலாகக் காணப்படுகிறது. எம்மைப் போன்ற கபிலநிறக் கண்ணுடையோரில் வந்தால், நிறத்தோடு நிறமாக மறைந்திருக்கும்.

இதற்கும் குளுக்கோமா எனும் கண் அமுக்க நோய்க்கும் என்ன தொடர்பு? கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஓயாது சுரந்து, கதிராளியின் ஓரத்திலுள்ள நுண்ணிய சல்லடை வழியாக வடிகிறது. வடிகாலில் சேறு அடைத்தால் வயலில் நீர் தேங்குவது போல, புற்றுநோய்க் கலங்கள் அச்சல்லடையை அடைத்தால் கண்ணுக்குள் நீர் தேங்கி அமுக்கம் உயரும். வழமையான அமுக்கம் இரசத்தின் 10 முதல் 21 மில்லிமீற்றர் வரை. அது உயர்ந்து நின்றால் பார்வை நரம்பு சிறிது சிறிதாகப் பழுதடையும். இழந்த பார்வை திரும்பாது.

சாதாரண குளுக்கோமா என்றெண்ணிச் சொட்டு மருந்து மட்டும் விட்டால், அமுக்கம் குறைந்தாலும் புற்று வளரும். புற்று இருப்பதை அறியாமல், நீர் வடியப் புதுவழி திறக்கும் சத்திரசிகிச்சை செய்தால், கலங்கள் கண்ணுக்கு வெளியே பரவவும் கூடும். எனவே காரணத்தை அறிவதே முதற் காரியம்.

கவனிக்க வேண்டியவை:

1. புள்ளி பெரிதாதல், புதிதாகத் தோன்றுதல்.
2. கண்மணியின் வட்டம் கோணுதல்.
3. ஒரு கண் மட்டும் நிறம் கறுத்தல்.
4. அடிபடாமலே கண்ணுக்குள் இரத்தம் கசிதல்.
5. ஒரு கண்ணில் மட்டும் அமுக்கம் உயர்ந்து, மருந்துக்குக் குறையாதிருத்தல்.

இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆதலால் பயம் வேண்டாம், தாமதமும் வேண்டாம். கண் வைத்தியர் ஒளிக்கீற்றுடன் கூடிய உருப்பெருக்கியால் கதிராளியைப் பார்ப்பார். கண்ணை மரக்கச் செய்து, விசேட வில்லை வைத்து வடிகாலையும் சோதிப்பார். கழியொலி மூலம் கட்டியின் பருமனை அளப்பார். ஐயம் தீராவிடில் நுண்ணிய ஊசியால் கலங்களை எடுத்துப் பரிசோதிப்பர்.

புள்ளி வளர்ந்ததா என அறியப் பழைய படங்கள் பெரிதும் உதவும். இடம் மாறும்போது கிளினிக் கொப்பியையும், முகம் தெளிவாகத் தெரியும் பழைய படமொன்றையும் பத்திரமாக எடுத்துச் செல்லுங்கள். புதிய வைத்தியரிடம் அவற்றைக் காட்டி, "ஒரு கண்ணில் மட்டும் ஏன் அமுக்கம்?" என்று தயங்காமல் கேளுங்கள்.